துளையிடும் முன் சுவரின் இரு பக்கங்களையும் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் அக்கா வீட்டு முன்னறையில் முருகன் படமும் காமாட்சி விளக்கும் வைப்பதற்கு ஒரு மரத்தட்டைப் பொருத்திக் கொடுத்தேன். நான்கு துளைகள், நான்கு திருகாணிகள், அரை மணி நேர வேலை. அக்கா அன்று மாலையே விளக்கேற்றினார். ஏழெட்டு மாதங்கள் கழித்துத் தட்டுக்குக் கீழே சுவரின் வண்ணம் கொப்புளிக்கத் தொடங்கியது. கூரைதான் ஒழுகுகிறது என்று நம்பி, முதலில் கூரையைச் சரிசெய்து பணத்தைச் செலவழித்தோம். சுவரைக் கொத்திப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. துளைக்கும் கருவியின் அலகு உள்ளே ஓடிய செம்புக் குழாயை உரசியதோடு நின்றிருக்க, அதைவிட நீளமான திருகாணி குழாயைக் குத்திக்கொண்டு உள்ளே போயிருந்தது. அந்தத் திருகாணியே ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததால் முதலில் ஒரு சொட்டும் கசியவில்லை. அது துருப்பிடித்து இளைத்த பிறகுதான் தண்ணீர் வெளியேறியது. அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறை. ஷவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்திருந்தால் போதுமாயிருந்தது.

அதன்பிறகு டர்பனிலும் அதைச் சுற்றியும் உறவினர் வீடுகளில் எத்தனையோ சுவர்களைத் துளைத்திருக்கிறேன். மின்கம்பியையும் குழாயையும் கண்டுபிடிக்கும் சிறு மின்னணுக் கருவியை முதலில் வாங்குங்கள் என்றுதான் கடைக்காரர்கள் சொல்வார்கள். என் அனுபவத்தில் அந்தக் கருவிக்கு இரண்டாவது இடம்தான். வீட்டைக் கட்டியவர்களும் மின்பணியாளர்களும் எந்தப் பழக்கத்தில் வேலை செய்தார்கள் என்பதை அறிந்து, கண்ணால் சுவரைப் படிப்பதே முதல் வேலை.

மின்கம்பி எங்கிருந்து வருகிறது

தென்னாப்பிரிக்காவில் ஒற்றைத் தளச் செங்கல் வீடுகளில் மின்கம்பிகள் பெரும்பாலும் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள வெளியில் ஓடுகின்றன. அங்கிருந்து ஒவ்வொரு சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும், சுவரைக் கொத்திப் புதைத்த 20 மி.மீ. பி.வி.சி. குழாய் வழியாக நேராகக் கீழே இறங்குகின்றன. ஆகவே சுவரில் ஒரு சுவிட்சைக் கண்டால், அதிலிருந்து சீலிங் வரை ஒரு செங்குத்துக் கோடு இருப்பதாகவே கொள்ள வேண்டும். அந்தக் கோட்டின் இருபுறமும் ஒரு சாண் அகலத்தில் எதையும் துளைக்கக் கூடாது. இரண்டு பிளக் பாயிண்டுகள் ஒரே உயரத்தில் அடுத்தடுத்து இருந்தால், அவற்றுக்கு நடுவே படுக்கைவாட்டிலும் ஒரு குழாய் ஓடக்கூடும். பிரிட்டனின் மின்விதிகளில், ஆழமில்லாமல் புதைத்த கம்பிகள் கண்ணுக்குத் தெரியும் பொருத்திகளுக்கு நேர்மேலோ, நேர்கீழோ, நேர்பக்கமோ ஓட வேண்டும். அல்லது சுவரின் உச்சியிலும் மூலையிலும் 150 மி.மீ. அகலப் பட்டைக்குள் ஓட வேண்டும். அந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துப் பார்த்தால் இங்குள்ள பெரும்பாலான சுவர்களையும் ஊகிக்கலாம். ஆனால் ஊகம் என்பதை மறக்க வேண்டாம். குறுக்குவழி என்று நினைத்துச் சாய்வாகக் குழாய் இறக்கிய மின்பணியாளர்களின் கைவேலையையும் நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு தளமுள்ள வீட்டிலும் அடுக்குமாடியிலும் கதை வேறு. அங்கே கீழ்த்தளத்துக் கம்பிகள் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே புதைந்து, மேலிருந்து இறங்கவும் செய்யலாம், தரையிலிருந்து ஏறவும் செய்யலாம். எனவே அங்கே பிளக் பாயிண்டுக்கு மேலும் கீழும் இரண்டு பக்கமும் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைக்காட்சிப் பெட்டியைச் சுவரில் மாட்டுபவர்களுக்கு இந்தச் செங்குத்துக் கோடுதான் பெரிய கண்ணி. பெட்டிக்கு மின்சாரம் வேண்டும் என்று சுவரின் நடுவே பிளக் பாயிண்ட் இருக்கிறது. அதற்கு நேர்மேலே பெட்டியை மாட்டினால் அழகாக இருக்கும் என்று மனம் சொல்கிறது. கூரையிலிருந்து அந்தப் பாயிண்டுக்கு இறங்கும் குழாயோ, தாங்கியின் துளைகள் வர வேண்டிய இடத்தின் ஊடாகவே செல்கிறது. செயற்கைக்கோள் அலைவாங்கியின் வயரும் பல வீடுகளில் அதே வழியாகத்தான் வருகிறது. பெட்டியை ஒதுக்கி வைக்க மனமில்லாதவர்கள், அகலமான சட்டமுள்ள தாங்கியை வாங்கிக் குழாய் நடுவில் போகும்படி இரண்டு பக்கமும் துளைகளை விலக்கிப் போடலாம். அதற்கும் குழாய் உண்மையில் எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அதை அறியச் சிறந்த வழி, கூரைக்குள் ஏறிப் பார்ப்பது. சீலிங்கில் இருக்கும் சதுரக் கதவைத் திறந்து, டார்ச் விளக்குடன் மேலே போனால், சுவரின் தலைப்பகுதியில் எந்தெந்த இடத்தில் குழாய்கள் உள்ளே இறங்குகின்றன என்பது நேராகவே தெரியும். ஒரு மூலையிலிருந்து அளவெடுத்து, அதே அளவைக் கீழே அறைக்குள் வந்து சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மேலே ஒருவர் தட்ட, கீழே ஒருவர் கேட்டுக் குறிப்பது இன்னும் எளிது. மரச்சட்டங்களின் மீது மட்டுமே காலை வைக்க வேண்டும். சீலிங் பலகையில் வைத்த கால் அறைக்குள் இறங்கிவிடும். டர்பனின் டிசம்பர் மாத நண்பகலில் அங்கே ஏறுவது அடுப்புக்குள் தலையை விடுவதற்குச் சமம் என்பதால், விடிந்ததும் ஏறி இறங்கிவிடுங்கள். பழைய வீடுகளில் கூரைத் தகடோ சீலிங்கோ ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் அதன் பயன்பாடு 2008-இல் தடைசெய்யப்பட்டாலும், அதற்கு முன் போட்டவை பல வீடுகளில் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவற்றைத் துளைக்கவும் தேய்க்கவும் கூடாது. அவ்வாறான கூரையாக இருந்தால் ஏறும் யோசனையையே விட்டுவிடுவது நல்லது.

சுவரே காட்டும் தடயங்கள்

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, ஒளி பக்கவாட்டில் சுவரை வருடிச் செல்லும்படி பாருங்கள். குழாய் புதைக்கக் கொத்திய இடத்தில் பின்னால் பூசிய பூச்சு, சுற்றியுள்ள பூச்சோடு முழுவதும் சமமாக இருப்பதில்லை; மெல்லிய மேடாகவோ பள்ளமாகவோ ஒரு பட்டை தெரியும். சுவிட்சுக்கு மேலே நூல் போன்ற விரிசல் ஒன்று நேராக ஏறினால், அதன் பின்னால் குழாய் இருப்பது ஏறத்தாழ உறுதி. விரல் மூட்டால் தட்டிக்கொண்டே போனாலும், கொத்திய பட்டையின் மேல் ஓசை மாறுவதைப் பழகிய காது பிடித்துக்கொள்ளும்.

இனி மறுபக்கம். உள்சுவர்கள் பல இடங்களில் ஒற்றைச் செங்கல் அகலம், அதாவது ஏறத்தாழ 110 மி.மீ. மட்டுமே. மறுபக்கத்தில் புதைத்திருக்கும் சுவிட்சுப் பெட்டி அதில் பாதி ஆழத்தை எடுத்துக்கொள்ளும். அடுத்த அறைக்குப் போய், அங்கேயுள்ள சுவிட்சு, பிளக், குழாய், ஷவர் எல்லாவற்றையும் கதவு நிலையிலிருந்து அளந்து, இந்தப் பக்கத்தில் குறியுங்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற இடங்களில் ஒட்டிக் கட்டிய இரட்டை வீடுகளில் இது இன்னும் முக்கியம். பொதுச்சுவரின் மறுபக்கம் அடுத்த வீட்டாருடைய மின்கம்பி இருக்கிறது. உங்கள் மெயினை அணைத்தாலும் அவர்களுடைய கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். பொதுச்சுவரைத் துளைக்க வேண்டுமென்றால், பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் ஐந்து நிமிடம் உள்ளே பார்த்து வர அனுமதி கேளுங்கள். ஆழமான துளை போடும் நேரத்தில் அவர்களுடைய மின்சாரத்தையும் அணைக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

1960-களிலும் 1970-களிலும் நகரசபை கட்டிக் கொடுத்த அந்த வீடுகளில், குடும்பம் பெருகப் பெருகப் பின்னால் ஓர் அறை, பக்கத்தில் ஒரு சமையலறை என்று சேர்த்துக்கொண்டே வந்தவர்கள் நாம். முன்பு வெளிச்சுவராக இருந்தது இன்று உள்சுவர். முன்பு வெளியே இருந்த தண்ணீர்க் குழாய் இன்று பூச்சுக்குள். அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம் கையில் இருந்தாலும், அது சுவர்களைக் காட்டுமே தவிரக் கம்பிகள் சுவருக்குள் ஓடும் பாதையைக் காட்டாது. வீடு விற்கும்போது வாங்கும் மின் இணக்கச் சான்றிதழும் அப்படியே. ஆகவே சேர்த்துக் கட்டிய பகுதிகளில் மேலே சொன்ன செங்குத்து விதியைப் பாதி மட்டும் நம்புங்கள்.

தண்ணீர்க் குழாய்

இங்கே கீசர் பெரும்பாலும் கூரைக்குள் இருப்பதால், சூடான தண்ணீரும் மேலிருந்து செங்குத்தாக இறங்குகிறது. ஷவருக்கும், குளியல் தொட்டிக்கும், கைகழுவும் தொட்டிக்கும் இடையே முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ படுக்கைவாட்டுக் குழாய்களும் உண்டு. சூடான குழாயைக் கண்டுபிடிக்க ஓர் எளிய உபாயம்: சூடான தண்ணீரைப் பத்து நிமிடம் திறந்துவிட்டு, புறங்கையைச் சுவரில் மெல்ல வைத்துக்கொண்டே நகர்த்துங்கள். பூச்சுக்குள் ஆழமில்லாமல் இருக்கும் குழாய் ஒரு வெதுவெதுப்பான பட்டையாகத் தெரியும். வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்புக் கருவி இருந்தால் இன்னும் தெளிவாகும். குளிர்ந்த குழாய்க்கு இந்த வித்தை செல்லாது. அதற்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைச் சுவரிலும் கைப்பிடியைக் காதருகிலும் வைத்துக் கேட்கலாம்.

குளியலறை ஓடுகளில் துளையிடுவதற்குப் பதிலாக, நல்ல பசையால் ஒட்டும் கொக்கியும் தட்டும் போதுமா என்று முதலில் யோசியுங்கள். துவாலை மாட்டும் கம்பிக்காகக் குழாயைப் பணயம் வைப்பது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் படவில்லை.

கருவியை எப்படி நம்புவது

கண்டறியும் கருவிகளில் வெவ்வேறு உணரிகள் உண்டு. ஒன்று உலோகத்தைக் காட்டும். இன்னொன்று மாறுமின்னோட்டம் உள்ள கம்பியைச் சுற்றியிருக்கும் மின்புலத்தைக் காட்டும். விலை கூடியவற்றில் ரேடார் போன்றது இருப்பதால், தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் குழாயையும் அவை காட்டும். மலிவான கருவி பிளாஸ்டிக் குழாயைக் காட்டாது என்பதை நெற்றியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மின்புலத்தைக் காட்டும் உணரிக்கு, கம்பியில் மின்னழுத்தம் இருந்தால்தான் ஏதாவது தெரியும். ஆகவே தேடும்போது மெயினை அணைக்கக் கூடாது. விளக்குச் சுவிட்சுகளையெல்லாம் போட்டு வைத்துத் தேடுங்கள். அணைந்திருக்கும் விளக்குக்குப் போகும் கம்பியில் மின்னழுத்தம் இல்லாததால் கருவி அதைத் தாண்டிப் போய்விடும். இரும்புக் குழாய்க்குள் கம்பி இருந்தால் மின்புலம் வெளியே தெரியாது; அப்போது உலோக உணரிதான் உதவும். மழைக்குப் பின் ஈரமேறிய சுவரிலோ, கருவி சுவர் முழுவதும் மின்சாரம் என்று கூச்சலிடும்; காயும் வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அலாரத்துக்குப் போகும் மெல்லிய வயர்களில் 12 வோல்ட் நேர்மின்னோட்டம் மட்டுமே ஓடுவதால் அவையும் கண்ணில் படாது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அலாரம் செத்துவிடும்.

இங்குள்ள செங்கல் சுவர்களில் இன்னொரு குழப்பம் உண்டு. சில வரிசைகளுக்கு இடையே சாந்துக்குள் பிரிக்ஃபோர்ஸ் எனும் கம்பி வலையை வைத்துக் கட்டுவார்கள். உலோக உணரி அதன்மேல் போகும்போது ஒரே உயரத்தில் சுவர் நெடுகச் சத்தமிடும். ஜன்னலுக்கு மேலிருக்கும் கான்கிரீட் லிண்டலுக்குள்ளும் எஃகுக் கம்பி உண்டு. திரைச்சீலைக் கம்பி மாட்டப் போகிறவர்கள் அங்கே கருவி அலறுவதைக் கேட்டு அஞ்சத் தேவையில்லை, ஆனால் லிண்டலைத் துளைக்காமல் அதன் பக்கத்துச் செங்கல்லுக்கு நகர்வது நல்லது.

எனவே கருவியை எடுத்தவுடன் துளையிடும் இடத்தில் வைக்காதீர்கள். முதலில் ஒரு பிளக் பாயிண்டுக்கு நேர்மேலே, கம்பி இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே அது பேசினால்தான் மற்ற இடத்தில் அதன் மௌனத்துக்கு மதிப்பு உண்டு. பிறகு இடவலமாகவும் மேல்கீழாகவும் இரண்டு முறை தேடி, ஒலி எழுந்த இடங்களையெல்லாம் ஒட்டுநாடாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தை அணைப்பது, இந்த ஊரில்

மின்பகிர்வுப் பெட்டியான டி.பி. போர்டில் மெயின் சுவிட்சை இறக்கினால் வேலை முடிந்தது என்ற காலம் போய்விட்டது. 2007-08 முதல் விட்டுவிட்டு வந்த மின்வெட்டு 2023-இல் உச்சத்தைத் தொட்டபோது, வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரும் மின்கலமும் வந்துவிட்டன. மெயினை இறக்கியதும் மின்வெட்டு வந்துவிட்டதாக எண்ணி, இன்வெர்ட்டர் தன் கடமையைச் செய்யத் தொடங்கும். சுவருக்குள் 230 வோல்ட் அப்படியே இருக்கும். ஆகவே இன்வெர்ட்டரின் வெளியீட்டையும் அதற்கென்று இருக்கும் தனி டி.பி. போர்டையும் சேர்த்து அணைக்க வேண்டும். கூரையில் சூரியத் தகடுகள் இருந்தால், அங்கிருந்து இன்வெர்ட்டருக்கு இறங்கும் கம்பிகளில் பகல் முழுவதும் சில நூறு வோல்ட் வரை நேர்மின்னோட்ட அழுத்தம் இருக்கக்கூடும். மெயினை இறக்குவதால் அது போகாது. அந்தக் கம்பிகள் இறங்கும் சுவர்ப்பகுதியில் துளையிடவே வேண்டாம் என்பது என் தீர்ப்பு. மின்வேலியுள்ள மதில்சுவருக்கும் இதே தீர்ப்புதான்.

அணைத்த பிறகு, அருகிலுள்ள பிளக்கிலும் விளக்கிலும் மின்சாரம் இல்லை என்பதை இருமுனை டெஸ்டரால் சோதியுங்கள். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை, மின்சாரம் இருக்கும் இடத்தில் முன்பும் பின்பும் சரிபாருங்கள். துளையிட பேட்டரி டிரில் இருந்தால் நல்லது. எர்த் லீக்கேஜ் சுவிட்ச் காப்பாற்றும் என்று நம்பி மெயினை அணைக்காமல் துளையிடுபவர்கள் உண்டு. 30 மில்லியாம்பியர் கசிந்தால் துண்டிக்கும் அந்தச் சுவிட்ச், பல வீடுகளில் பிளக் வரிகளை மட்டுமே காக்கிறது. விளக்கு, கீசர், அடுப்பு வரிகள் அதற்கு வெளியே இருக்கலாம்.

துளையிடுதல்

ஆழம் குறைவாகப் போட்டால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். பூச்சு 10 முதல் 15 மி.மீ.; அதன் பின்னாலேயே கம்பிக் குழாய் இருக்கலாம்; திருகாணியைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் ராவல் பிளக்குக்கோ 30 முதல் 40 மி.மீ. வேண்டும். பயனுள்ள எந்தத் துளையும் குழாயை எட்டக்கூடிய துளைதான். இருந்தாலும் அலகில் ஒட்டுநாடா சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திருகாணியின் நீளத்திலிருந்து தட்டின் கனத்தைக் கழித்து, சுவருக்குள் எவ்வளவு போகும் என்பதையும் கணக்கிடுங்கள். அக்கா வீட்டில் நான் பிழை செய்தது இந்தக் கணக்கில்தான்.

முதலில் 5 மி.மீ. அலகால், டிரிலின் ஹேமர் எனும் இடித்துத் துளைக்கும் முறையைப் போடாமல், மெதுவாகப் பூச்சை மட்டும் துளைத்து நிறுத்துங்கள். துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே வரும் தூளின் நிறம் பேசும்: பூச்சுக்குச் சாம்பல், செங்கல்லுக்குச் சிவப்பு. செங்கல் வர வேண்டிய ஆழத்திலும் சாம்பல் தூளே தொடர்ந்து வந்தால், சாந்து இணைப்பில் இருக்கிறீர்கள், இல்லையேல் குழாய்க்காகக் கொத்தி அடைத்த இடத்தில் இருக்கிறீர்கள். பிளாஸ்டிக் சுருள் வந்தாலோ, உள்ளே உலோகம் பளிச்சிட்டாலோ, அலகு திடீரென்று மென்மையான எதிலோ இறங்கினாலோ உடனே நிறுத்துங்கள். உள்ளீடற்ற சிமெண்ட் கல்லிலும் அலகு வெற்றிடத்தில் விழும். அது எது என்று பார்த்தறியாமல் மேலே போக வேண்டாம். சந்தேகம் வந்தால் அந்தத் துளையை அடைத்துவிட்டு ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். எல்லாம் சரியென்றால்தான் ஹேமரைப் போட்டுப் பெரிய அலகுக்கு மாறலாம்.

பட்டுவிட்டால்

மின்கம்பியில் பட்டதாகத் தோன்றினால், டிரிலை இழுக்க முயலாமல் கையை எடுத்துவிட்டு, மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் முதலில் அணைக்க வேண்டும். உரசியது மேல்தோலைத்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பூசி மூடக் கூடாது. காயம்பட்ட கம்பி மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுப் பின்னர் சூடேறும். பதிவுபெற்ற மின்பணியாளரை அழைத்துக் கம்பியை மாற்றச் சொல்லுங்கள்.

தண்ணீரானால், வேலையைத் தொடங்கும் முன்பே மெயின் வால்வு எங்கே இருக்கிறது, அது திரும்புகிறதா என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடாத வால்வு அவசரத்தில் அசையாது. அதை மூடி, கீசரின் டிரிப் சுவிட்சை இறக்கி, கீழ்மட்டக் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். சூடான தண்ணீர் என்றால் கீசருக்குள் போகும் வால்வையும் மூடுங்கள். அதுவரை திருகாணியைத் துளையில் திரும்பச் செருகி வைத்தால் பீய்ச்சுவது குறையும்.

எதிலும் படவில்லை என்று தோன்றினாலும், குளியலறையையோ சமையலறையையோ ஒட்டிய சுவர் என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடி, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் எடுக்காமல் இருந்து திரும்பப் பாருங்கள். ஓராண்டுக்குள் இதை மூன்று நான்கு முறை செய்தால், திருகாணி அடைத்து வைத்திருக்கும் ஓட்டை துருவேறிக் கசியத் தொடங்குவதும் தெரிந்துவிடும். கண்டறிந்த கம்பிப் பாதைகளையும் குழாய்களையும் ஒரு தாளில் அளவோடு வரைந்து, டி.பி. போர்டின் கதவுக்கு உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன். அக்கா வீட்டில் அந்தத் தாளில் ஷவர் குழாய்க்கு மட்டும் சிவப்பு மை.